புதிய கடல்நீர் மீன்தொட்டியில் மீன் விடுவதற்கு முன்: நைட்ரஜன் சுழற்சி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, பாறைகளை அடுக்கி, பம்பை ஓடவிட்டால் ஓரிரு நாளில் தண்ணீர் பளிங்குபோலத் தெளிந்துவிடும். அந்தத் தெளிவை நம்பி மீனை விட்டவர்கள் பலர். அவர்களில் நானும் ஒருவன். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லும் அளவுக்கு அது சேர்ந்திருந்தாலும் நம் மூக்குக்குத் தெரியாது. ஆகவே தொட்டி தயாராகிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. புதிதாகக் கடல்நீர்த் தொட்டி அமைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தொட்டியைச் 'சைக்கிள்' செய்வது என்றால் என்ன?

மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மீதமான தீனியும் மீனின் கழிவும் அழுகும்போதும் அம்மோனியாதான் உண்டாகிறது. கடலில் இது எல்லையற்ற நீரில் கலந்து நீர்த்துப்போகும். 100 லிட்டர் தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிர்களும், அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களும் தொட்டிக்குள் போதிய எண்ணிக்கையில் குடியேறிய பிறகுதான் அங்கே மீன் உயிர்வாழ முடியும். மீன் வருவதற்கு முன்பே இந்த நுண்ணுயிர்களுக்கு உணவளித்து, அவற்றைப் பெருகச் செய்து, தொட்டியைப் பக்குவப்படுத்தும் வேலையைத்தான் மீன் வளர்ப்பவர்கள் சைக்கிள் செய்வது என்கிறார்கள்.

கேள்வி: அந்த நுண்ணுயிர்கள் எவை? அவை தண்ணீரில்தான் இருக்கின்றனவா?

மண்ணிலும் கழிவுநீரிலும் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது உயிர்களின் வேலை என்று 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முண்ட்ஸ் என்ற இருவர் காட்டினர். அவ்வுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்து, ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது, வேறொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்குகிறது என்று 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவியவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரண்டு பெயர்களையே மீன் வளர்ப்புக் கையேடுகள் நெடுங்காலம் சொல்லிவந்தன. ஆனால் நன்னீர்த் தொட்டிகளின் வடிகட்டிகளை மரபணு முறையில் சோதித்து 1998இல் வெளியிடப்பட்ட ஆய்வு, நைட்ரைட்டை மாற்றும் வேலையைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டியது. கடல்நீரைப் பொறுத்தவரை இன்னொரு வியப்பு 2005இல் வந்தது. சியாட்டில் நகரின் கடல்வாழ் உயிரினக் காட்சியகத் தொட்டி ஒன்றிலிருந்து நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்ற உயிரைப் பிரித்தெடுத்தார்கள். அது பாக்டீரியாவே அன்று, ஆர்க்கியா என்ற, ஒற்றைச்செல் உயிர்களின் தனிப் பெரும்பிரிவைச் சேர்ந்தது. அம்மோனியாவை உண்டு வாழும் ஆர்க்கியா இருக்கிறது என்பதை உலகம் உறுதியாக அறிந்ததே ஒரு மீன்தொட்டியால்தான் என்பது, இத்துறையில் இருப்பவர்கள் பெருமைப்படத்தக்க செய்தி.

இவற்றில் மிகப் பெரும்பாலானவை தண்ணீரில் மிதப்பதில்லை. பாறையின் துளைகளிலும், மணற்பரலின் மேலும், வடிகட்டியின் பஞ்சிலும், குழாயின் உட்சுவரிலும் வழவழப்பான மெல்லிய படலமாக ஒட்டி வாழ்கின்றன. பழைய தொட்டியின் தண்ணீரை மட்டும் வாங்கிவந்து ஊற்றினால் புதிய தொட்டி பக்குவமாகிவிடாது என்பதற்கு இதுவே காரணம். அதே தொட்டியின் ஒரு கல்லைக் கொண்டுவந்தால் பெரும் பயன் உண்டு.

கேள்வி: கடல்நீர்த் தொட்டியில் அம்மோனியாவுக்கு ஏன் இத்தனை அச்சம்?

நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று மின்னேற்றம் பெற்ற அம்மோனியம். அது செவுளின் தோலை எளிதில் கடக்காது. மற்றொன்று தனி அம்மோனியா; அது தடையின்றி மீனின் உடலுக்குள் புகும் நஞ்சு. இரண்டின் விகிதத்தைப் பெரிதும் தீர்மானிப்பது நீரின் பி.எச்., அதாவது அதன் அமில-கார அளவு. பி.எச். 7 உள்ள நன்னீரில், 25 டிகிரி செல்சியஸில், மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருப்பதில்லை. கடல்நீர்த் தொட்டியின் பி.எச். 8.2 அளவில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்காகிவிடுகிறது. சோதனையில் தெரியும் எண் இரண்டு தொட்டிகளிலும் ஒன்றாகவே இருந்தாலும் கடல்மீன் எதிர்கொள்ளும் நஞ்சு பத்து மடங்குக்கும் அதிகம். நன்னீர்த் தொட்டியில் சிறு அம்மோனியாவைத் தாங்கி மீன்கள் பிழைத்ததைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஏமாந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: தொடங்குவதற்கு முன் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும்?

குளோரினோ குளோரமினோ கலந்த குழாய்த் தண்ணீர், நாம் வளர்க்க விரும்பும் நுண்ணுயிர்களையே கொன்றுவிடும். அதிலுள்ள சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் பின்னாளில் பாசிக்குத் தீனியாகும். ஆகவே ஆர்.ஓ. கருவியில் வடிகட்டி, அயனி நீக்கும் பிசினின் வழியாகவும் செலுத்திய நீரையே பயன்படுத்துங்கள். நீரில் கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் அதில் பூச்சியம் காட்ட வேண்டும். எப்போதும் தண்ணீரில்தான் உப்பைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் ஓரிடத்தில் செறிவு மிகுந்து, கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெண்ணிறப் பொடியாகப் படிந்து வீணாகிவிடும். பெரும்பாலான உப்புக் கலவைகளுக்கு லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் வரை தேவைப்படும். தனிப் பாத்திரத்தில் பம்பும் ஹீட்டரும் வைத்து ஓர் இரவு கலந்த பின், உவர்ப்பு ஆயிரத்துக்கு 35 என்ற அளவில், அதாவது ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026 என்ற அளவில் இருக்கிறதா என்று ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். அந்தக் கருவியை வெறும் தண்ணீரைக் கொண்டு சரிசெய்வதைவிட, 35 அளவுள்ள நியமக் கரைசலைக் கொண்டு சரிசெய்வது நம்பகமானது.

தொட்டியில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு அங்கேயே தங்குகிறது. ஆதலால் அன்றாடம் குறையும் அளவை நன்னீர் விட்டுத்தான் ஈடுசெய்ய வேண்டும். இந்தப் பழக்கத்தைச் சைக்கிள் காலத்திலேயே கைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி: மீனே இல்லாதபோது அம்மோனியா எங்கிருந்து வரும்?

நாம்தான் தர வேண்டும். நான் பரிந்துரைப்பது அம்மோனியம் குளோரைடு, ஏனெனில் அளந்து தர முடிவது அது ஒன்றே. தொட்டியில் 1 பி.பி.எம். (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) அம்மோனியா சேர்க்க லிட்டருக்கு 3.14 மில்லிகிராம் அம்மோனியம் குளோரைடு வேண்டும். 100 லிட்டர் தொட்டிக்கு 2 பி.பி.எம். சேர்க்க 0.63 கிராம் போதும். இவ்வளவு சிறிய எடையை வீட்டுத் தராசில் சரியாக நிறுக்க முடியாது, ஆகவே 6.3 கிராமை நிறுத்து ஒரு லிட்டர் நன்னீரில் கரைத்து, மேலே பெயரும் அளவும் எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு முறையும் 100 மில்லியை அளந்து ஊற்றினால் உங்கள் 100 லிட்டருக்கு 2 பி.பி.எம். கிடைக்கும். கணக்குப் போடும்போது தொட்டியின் கொள்ளளவிலிருந்து பாறையும் மணலும் பிடித்துக்கொண்ட இடத்தைக் கழித்துவிடுவது நல்லது. 4 அல்லது 5 பி.பி.எம்.முக்கு மேல் ஏற்றினால் விரைவாக முடியும் என்று எண்ண வேண்டாம். மிகுதியான அம்மோனியா அந்த நுண்ணுயிர்களையே மந்தப்படுத்தும்.

மீன் தீனியை நாள்தோறும் ஒரு சிட்டிகை போட்டு அழுகவிடுவதும், உரித்த இறால் ஒன்றைத் துணிப்பையில் கட்டித் தொங்கவிடுவதும் பழைய முறைகள். இவையும் வேலை செய்யும். ஆனால் எவ்வளவு அம்மோனியா எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அழுகலோடு பாஸ்பேட்டும் நாற்றமும் சேர்ந்தே வரும். துப்புரவுக்கு விற்கும் அம்மோனியாத் திரவத்தைப் பயன்படுத்த நினைப்பவர்கள் பாட்டிலைக் குலுக்கிப் பார்க்க வேண்டும். நுரை நின்றால் அதில் சோப்புப் பொருள் கலந்திருக்கிறது. தொட்டிக்கு அது ஆகாது. வாசனை சேர்த்ததும் ஆகாது.

கேள்வி: விலை குறைந்த, உறுதியான மீனை விட்டே சைக்கிள் செய்யலாம் என்கிறார்களே?

செய்யாதீர்கள். என் முதல் தொட்டியில் அந்த ஆலோசனையைக் கேட்டு, தண்ணீர் நிரப்பிய ஐந்தாம் நாள் இரண்டு நீல டாம்செல் மீன்களை விட்டேன். டாம்செல் எதையும் தாங்கும் என்று சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டு நாள் அவை பாறைகளுக்கிடையே துள்ளித் திரிந்தன. மூன்றாம் நாள் காலை, இரண்டும் நீர்ப்பரப்புக்கு அருகில், பம்பின் நீர் வந்து விழும் மூலையில் அசையாமல் நின்றன. வாய் ஓயாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தது. செவுள் மூடிகள் விரிந்து, உள்ளே இரத்தச் சிவப்பு தெரிந்தது. அன்றுதான் டெஸ்ட் கிட் வாங்கினேன். குழாயில் நிறம் மஞ்சளிலிருந்து கரும்பச்சைக்குப் போனது. பாதி நீரை மாற்றினேன், மறுநாளும் மாற்றினேன். ஒன்று அன்றிரவே இறந்தது, மற்றொன்று பிழைத்தது.

பிழைத்ததை வைத்து அந்த முறை சரியென்று சொல்லிவிட முடியாது. அம்மோனியா செவுளின் மெல்லிய திசுவைச் சிதைக்கிறது. அதன் தழும்போடு வாழும் மீன் நோய்க்கு எளிதில் இரையாகிறது. அதே வேலையைச் சில கிராம் அம்மோனியம் குளோரைடு செய்யும்போது ஓர் உயிரை அதற்கு ஈடு வைக்க நமக்கு உரிமை இல்லை என்பதே என் உறுதியான கருத்து. மேலும் டாம்செல் தன் எல்லையை மூர்க்கமாகக் காக்கும் மீன். பின்னால் வரும் சாதுவான மீன்களை அது துரத்தித் துரத்தி அலைக்கழிக்கும்.

கேள்வி: உயிர்ப்பாறை வாங்குவதா, உலர்ந்த பாறை வாங்குவதா?

லைவ் ராக் எனப்படும் உயிர்ப்பாறை, நுண்ணுயிர்ப் படலத்தோடும் கடற்பஞ்சு, புழு, பாசி போன்றவற்றோடும் வருகிறது. வழியில் காய்ந்து செத்தவை தொட்டியில் அழுகி அம்மோனியாவைத் தாமே தரும்; நுண்ணுயிர்கள் ஏற்கெனவே இருப்பதால் வேலையும் சீக்கிரம் முடியும். கூடவே கண்ணாடி அனிமோன், கொட்டும் புழு, இறால் போன்ற மான்டிஸ் போன்ற வேண்டாத விருந்தாளிகளும் வரக்கூடும். உலர்ந்த பாறையில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் உயிரும் இல்லை. எல்லாவற்றையும் புதிதாகக் குடியேற்ற வேண்டும். பெரும்பகுதி உலர்ந்த பாறையும், நோயற்ற பழைய தொட்டியிலிருந்து எடுத்த ஓரிரு உயிர்ப்பாறைகளுமாகக் கலந்து தொடங்குவதே எனக்குப் பிடித்த வழி.

கேள்வி: பாட்டிலில் விற்கும் பாக்டீரியா உண்மையிலேயே பயன்படுமா?

கடல்நீருக்கென்று தயாரித்த, காலாவதியாகாத, வெயிலில் கிடக்காத பாட்டில் என்றால் பயன்படும். பல வாரங்களை ஒன்றிரண்டு வாரங்களாகக் குறைக்கவும் கூடும். வெப்பத்திலும் உறைபனியிலும் அவை செத்துவிடும், வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டறிய வழியில்லை. ஆகவே பாட்டில் ஊற்றிய அன்றே மீன் விடலாம் என்ற விளம்பரத்தை நம்பிச் சோதனையைக் கைவிட்டுவிடக் கூடாது. ஊற்றிய முதல் சில நாட்களுக்கு யு.வி. விளக்கை அணைத்து வையுங்கள்; கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் குறித்துத் தயாரிப்பாளர் சொல்வதைப் பின்பற்றுங்கள்.

கேள்வி: எத்தனை நாள் ஆகும்?

பொதுவாக மூன்று முதல் ஆறு வாரம். நம் குடலிலும் அழுகும் பொருளிலும் வாழும் பாக்டீரியாக்களில் பல அரை மணி நேரத்திற்குள் இரட்டிப்பாகிவிடும். அம்மோனியாவை உண்பவையோ இரட்டிப்பாவதற்கே பல மணி நேரம், சமயத்தில் ஒரு நாளுக்கும் மேல் எடுத்துக்கொள்கின்றன. இந்த மந்தமே காத்திருப்பின் காரணம். வேறு மர்மம் எதுவும் இல்லை.

உலர்ந்த பாறையும் அம்மோனியம் குளோரைடும் கொண்டு தொடங்கிய தொட்டியில் அளவீடுகள் ஏறத்தாழ இப்படி நகரும். முதல் வாரம் முழுக்க அம்மோனியா 2 என்ற இடத்தைவிட்டு அசையாது, நைட்ரைட் பூச்சியம். பலரும் மனம் தளர்வது இந்த வாரத்தில்தான். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் நைட்ரைட் குழாயில் இலேசான இளஞ்சிவப்பு தெரியும். அதைத் தொடர்ந்து அம்மோனியா வேகமாக இறங்கும், நைட்ரைட் அதைவிட வேகமாக ஏறும். 1 பி.பி.எம். அம்மோனியா முழுவதும் மாறினால் 2.7 பி.பி.எம். நைட்ரைட்டாகவும், அதுவும் மாறினால் ஏறத்தாழ 3.6 பி.பி.எம். நைட்ரேட்டாகவும் ஆவது வேதியியல் கணக்கு. எண் பெருகுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அம்மோனியா பூச்சியத்தைத் தொட்ட பின் மறுபடியும் 2 பி.பி.எம். சேர்த்துக் கவனித்தால், முன்பு பத்து நாள் எடுத்த வேலை இப்போது இரண்டு மூன்று நாளில் முடிவதைக் காணலாம். நைட்ரைட் கடைசியில்தான் விழும். விழும்போது சில சமயம் ஒரே இரவில் விழுந்துவிடும்.

வெப்பநிலை 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்கட்டும். நீரோட்டம் தரும் பம்பான பவர்ஹெட்டை நீர்ப்பரப்பு சலசலக்கும்படி திருப்பி வையுங்கள். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.5 மில்லிகிராமுக்கும் சற்று அதிகமான ஆக்சிஜன் செலவாகிறது.

கேள்வி: என் அம்மோனியா டெஸ்ட் கிட் எப்போதும் 0.25 பி.பி.எம். காட்டுகிறது. என்ன செய்வது?

புதிதாகக் கலந்த, தொட்டியில் ஊற்றாத உப்புநீரை அதே கிட்டில், அதே வெளிச்சத்தில் சோதித்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டு குழாயும் ஒரே நிறமென்றால் அது கிட்டின் கீழ்வரம்பு, உங்கள் தொட்டியின் குற்றமன்று. பச்சை நிறம் காட்டும் கிட்டுகளில் இது மிகச் சாதாரணம். கிட்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள். படிகமாக உறையும் தன்மையுள்ள திரவமென்றால் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். நிறம் பார்க்க அது சொல்லும் நிமிடங்கள் வரை காத்திருங்கள். அம்மோனியாவைக் கட்டிப்போடும் திரவங்களைத் தொட்டியில் ஊற்றியிருந்தால் சில கிட்டுகள் தவறான அளவைக் காட்டும்.

நைட்ரேட் சோதனைக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. பல கிட்டுகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் அளக்கின்றன. எனவே நீரில் நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் எண் பொய்யாக மிகுந்து தெரியும். நைட்ரைட் அடங்கிய பிறகு அளப்பதே பொருளுடையது.

கேள்வி: இந்தக் காலத்தில் தண்ணீர் மாற்ற வேண்டுமா? விளக்கு எரியலாமா?

தண்ணீர் மாற்ற வேண்டியதில்லை. அம்மோனியா 5 பி.பி.எம்.மைத் தாண்டிவிட்டாலோ, உயிர்ப்பாறையில் இன்னும் உயிரோடு இருக்கும் பஞ்சும் நத்தையும் துன்புறுகின்றன என்று தெரிந்தாலோ மாற்றலாம். நுண்ணுயிர்கள் பாறையில் இருப்பதால் அவற்றுக்கு இழப்பில்லை. உலர்ந்த பாறைத் தொட்டியில் விளக்கை அணைத்தே வையுங்கள். ஒளியால் பாசிக்கு மட்டுமே லாபம்.

கேள்வி: அம்மோனியா போய்விட்டது, நைட்ரைட் மட்டும் வாரக்கணக்கில் குறையவில்லை. ஏன்?

முதலில், நீங்கள் அம்மோனியாவை மீண்டும் மீண்டும் சேர்த்துக்கொண்டே இருந்தால் நைட்ரைட் குவிந்துகொண்டேதான் போகும். சில நாள் நிறுத்திப் பாருங்கள். இரண்டாவது, காரத்தன்மையைச் சோதியுங்கள். பி.எச். சரியாமல் தாங்கிப் பிடிக்கும் திறன் அது; டி.கே.எச். அதன் அலகு. 2 பி.பி.எம். அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாகும்போது ஏறத்தாழ 0.7 டி.கே.எச். காரத்தன்மை செலவாகிறது, ஐந்தாறு முறை சேர்த்திருந்தால் 8 என்று தொடங்கிய தொட்டி 4ஐ நெருங்கியிருக்கும், பி.எச். அளவும் சரிந்திருக்கும், நுண்ணுயிர்கள் சோம்பியிருக்கும். அப்போது நீரின் ஒரு பகுதியை மாற்றுவதே எளிய மருந்து. மூன்றாவது, வெறும் உலர்ந்த பாறையும் தூய நீரும் அம்மோனியம் குளோரைடும் மட்டுமே இருக்கும் தொட்டியில் பாஸ்பேட் அறவே இல்லாமல் போகலாம். அதுவும் அவ்வுயிர்களுக்கு வேண்டும். ஒரு சிட்டிகை மீன் தீனி அந்தக் குறையைத் தீர்க்கும்.

இங்கே ஓர் ஆறுதலும் சொல்ல வேண்டும். நன்னீர் மீனுக்கு நைட்ரைட் கொடிய நஞ்சு. அது செவுளின் வழியே புகுந்து இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு 19 கிராம் அளவுக்குக் குளோரைடு இருக்கிறது. செவுளில் நுழையும் அதே வாயிலுக்கு அது போட்டியிடுவதால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைப்பதில்லை. ஆகவே மிகச் சிறிதளவு நைட்ரைட் எஞ்சியிருப்பது கடல்மீனுக்கு அம்மோனியாவைப்போல ஆபத்தானதன்று. ஆனாலும் அது இறங்கும்வரை பொறுப்பதையே நான் சொல்வேன், ஏனெனில் சங்கிலியின் இரண்டாம் கண்ணியும் இணைந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

கேள்வி: பாறையெல்லாம் பழுப்புப் படலம் படர்ந்துவிட்டதே, தொட்டி கெட்டுவிட்டதா?

இல்லை. அது டயாட்டம் என்னும் நுண்பாசி. புதிய மணலிலும் நீரிலும் உள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதன் பின் பச்சை மயிர்ப்பாசியும், சிவந்த வழவழப்பான சயனோபாக்டீரியாவும் முறை வைத்து வரலாம். பழைய பல்துலக்கியால் தேய்த்து, குழாயால் உறிஞ்சி எடுங்கள். பாசிக்கொல்லி மருந்தைத் தேடி ஓடாதீர்கள்.

கேள்வி: முடிந்துவிட்டது என்று எதைக் கொண்டு உறுதிசெய்வது?

ஒருநாள் காலை 2 பி.பி.எம். அம்மோனியாவைச் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சரியாக 24 மணி நேரம் கழித்து மீண்டும் அளந்தால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். நைட்ரேட் ஏறியிருக்க வேண்டும். நான் இதை இரண்டு முறை அடுத்தடுத்துச் செய்து பார்ப்பேன். அம்மோனியாவே ஏறாமல் எல்லா எண்ணும் பூச்சியமாக இருப்பதைச் சிலர் வெற்றி என்று எண்ணிக்கொள்கிறார்கள். நைட்ரேட்டும் பூச்சியமென்றால் அங்கே எதுவும் தொடங்கவே இல்லை என்றுதான் பெரும்பாலும் பொருள்.

உறுதியான பின், பாதி முதல் முக்கால் பங்கு வரை நீரை மாற்றி நைட்ரேட்டைக் குறையுங்கள். உவர்ப்பு, வெப்பநிலை, பி.எச்., காரத்தன்மை ஆகிய நான்கையும் மறுபடி பாருங்கள். பி.எச். 8.0 முதல் 8.4 வரை, காரத்தன்மை 7 முதல் 11 டி.கே.எச். வரை இருந்தால் போதும்.

கேள்வி: சைக்கிள் முடிந்தும் மீன் வர இரண்டு வாரம் ஆகும் என்றால்?

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 1 பி.பி.எம். அம்மோனியாவோ, ஒரு சிட்டிகைத் தீனியோ போதும். உணவின்றி அவை உடனே செத்துவிடுவதில்லை. சுறுசுறுப்பைக் குறைத்துக்கொண்டு காத்திருக்கும். நீரோட்டத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: முதல் மீனாக எதை, எத்தனை விடலாம்?

100 லிட்டர் தொட்டிக்குப் பண்ணையில் பிறந்த கோமாளி மீன் குஞ்சுகள் இரண்டு போதும். அடுத்த மீனுக்கு முன் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். தொட்டியின் நுண்ணுயிர்க் கூட்டம் தனக்குக் கிடைக்கும் உணவுக்கு ஏற்பவே பெருகும், சுமை ஏறினால் அதற்கும் அவகாசம் வேண்டும். பாசி மேயும் நத்தைகளைப் பாசி கண்ணில் பட்ட பிறகு சேர்க்கலாம். முன்பே விட்டால் பட்டினி கிடக்கும். அனிமோனும் மாண்டரின் மீனும் இந்தத் தொட்டிக்கு இப்போது வேண்டாம். பாறையில் உள்ள நுண்ணிய ஓட்டுயிர்களை மட்டுமே மேயும் மாண்டரினுக்குப் புதிய தொட்டி ஒரு வெறும் தட்டு.

கேள்வி: பையில் வந்த மீனை எப்படித் தொட்டியில் விடுவது?

பையை மூடியபடியே தொட்டி நீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமமாக்குங்கள். நெடுந்தூரம் வந்த பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். தாழ்ந்திருக்கும், அதனால் உள்ளே சேர்ந்த அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அதே அம்மோனியா நஞ்சாக மாறும். ஆதலால் திறந்த பையில் துளித்துளியாக நீர்விட்டு மணிக்கணக்கில் பழக்குவது மீனுக்குக் கேடு. உவர்ப்பு ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் மீனை வலையிலோ கையிலோ எடுத்து உடனே மாற்றிவிடுங்கள். பை நீரை மட்டும் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

கேள்வி: நோய் உண்டா என்று பார்க்கப் புதிய மீனைத் தனித்தொட்டியில் சில வாரம் வைக்கச் சொல்கிறார்கள். அதையும் சைக்கிள் செய்ய வேண்டுமா?

வேண்டும், ஆனால் தனியாக உழைக்க வேண்டியதில்லை. பெரிய தொட்டியைச் சைக்கிள் செய்யத் தொடங்கும் அன்றே அதன் சம்ப்பில் (வடிகட்டிகள் வைக்கும் துணைத்தொட்டியில்) இரண்டு பஞ்சு வடிகட்டிகளைப் போட்டுவையுங்கள். தொட்டி பக்குவமாகும்போது பஞ்சும் பக்குவமாகும்; மீன் வரும் நாளில் அதை எடுத்துத் தனித்தொட்டியில் பொருத்திக்கொள்ளலாம். கிரிப்டோகேரியன் எனப்படும் வெண்புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் ஒருமுறை புகுந்துவிட்டால், எல்லா மீன்களையும் வெளியேற்றி, தொட்டியை 76 நாள் மீனின்றி வைக்க வேண்டும் என்பதே பொதுவான பரிந்துரை. தனித்தொட்டியில் நோய்க்காக இடும் செம்பு மருந்து பட்ட பஞ்சை மட்டும் திரும்பப் பெரிய தொட்டிக்குக் கொண்டுவரக் கூடாது; நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் செம்பு நஞ்சு.

கேள்வி: மீன் விட்ட பின் அம்மோனியா தெரிந்தால்?

தீனியை அன்றே நிறுத்துங்கள். நலமாக உள்ள மீன் இரண்டு நாள் உண்ணாமல் தாங்கும். மூன்றில் ஒரு பங்கு நீரை, உவர்ப்பும் வெப்பமும் ஒத்த புதிய நீரால் மாற்றுங்கள். இதற்காகவே கலந்த உப்புநீர் எப்போதும் ஒரு வாளியில் தயாராக இருக்கட்டும். பாறைக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் நத்தை உண்டா, மணலில் அழுகும் தீனி உண்டா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். முதல் பத்து நாள் ஒவ்வொரு காலையும், விளக்கு எரிவதற்கு முன், அம்மோனியாவை அளந்து தேதியோடு எழுதுங்கள். பிறகு தொட்டியின் முன் ஒரு நிமிடம் நின்று செவுள் மூடியின் அசைவைக் கவனியுங்கள். நலமான மீனின் மூச்சு எந்த வேகத்தில் போகும் என்பது உங்கள் கண்ணுக்குப் பழகிவிட்டால், வேகம் மாறும் நாளில் டெஸ்ட் கிட்டை எடுக்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.